இருவர் அகலத் துணி

அன்பு மகன் தஹிரிக்கு,

இங்கே நானும் ரலாய் சித்தப்பாவும் இரண்டு மாடுகளும் சுகம். ரெயூனியன் தீவில் நீயும் மருமகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவரையும் நம் முன்னோரையும் வேண்டிக்கொள்கிறேன். நீ ஏன் வரவில்லை என்று ஊரே கேட்டது, விமானம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அதையே சொல்.

உன் அப்பா மூன்று முறை கனவில் வந்து, "குளிருதுடி நோரோ, துணி நைஞ்சு போச்சு" என்றார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை நம் வழக்கப்படி கல்லறையைத் திறந்து, உள்ளே இருக்கிற எல்லோருடைய எலும்புகளுக்கும் புதுத் துணி சுற்றினோம். அப்பாவுக்குச் சுற்றும் லம்பமேனா துணியை வாங்க நானே நெசவுக்காரி வீட்டுக்குப் போனேன். சிவப்புத் துணி என்று பேர்தானே தவிர, ஒரு நூல்கூடச் சிவப்பில்லை, நல்ல பழுப்புப் பட்டு. ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா என்று கேட்டாள். அடுத்த முறை திறக்கும்போது என்னையும் அவரோடு சேர்த்துச் சுற்றுவீர்களே, அதற்கு இடம் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கு ஆகும் அகலத்தில் வாங்கினேன். எனக்கும் சேர்த்து என்று சொல்ல வெட்கம், யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

நான் விருந்தாளிகளுக்குப் பன்றிக்கறிச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா காலையிலிருந்தே சாராயத்தில் இருந்தார். அகலத் துணியைப் பார்த்ததும், ஓகோ, அப்பாவோடு ஜோடி சேர்க்க யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அடுத்த அடுக்கில் இருந்த என் அம்மாவை எடுத்து வைத்துச் சேர்த்துக் கட்டிவிட்டார்! உயிரோடு இருந்தபோது மாமியாரோடு இருபது வருஷம் பேசாத மனுஷன் உன் அப்பா. எல்லோரும் அந்த மூட்டையைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டு கல்லறையைச் சுற்றியபோது நானும்தான் பார்த்தேன், மனுஷன் சதை போட்டிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். கல்லை மூடி வீட்டுக்கு வந்த பிறகு கூடையில் அம்மாவுக்கு வாங்கிய துணி மடித்தபடியே இருந்தது. சித்தப்பாவைக் கேட்டால், "ரெண்டும் உங்க ஆளுங்கதானே அண்ணி, ஏன் கத்துறீங்க?" என்கிறார். நாள் பார்ப்பவரோ இன்னும் ஐந்து வருஷத்துக்குத் திறக்க நாள் இல்லை என்று சொல்லிவிட்டார். "நீங்க முன்னாடி போயிட்டா சீக்கிரம் தொறந்துதானே ஆகணும்" என்று சித்தப்பா ஆறுதல் சொன்னார். சோற்றுக் கரண்டியால் ஒன்று போட்டேன்.

நேற்று கனவில் அப்பா வந்தார். அம்மாவை நகரச் சொல்லுங்க, அது என் இடம் என்றேன். "பாவம்டி, வயசானவங்க, குளிர் தாங்க மாட்டாங்க" என்கிறார். பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அழுதேன் தஹிரி. நாற்பது வருஷம் அவர் பக்கத்தில் படுத்தவள் நான்.

ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், ஐந்து வருஷம் இருந்தாக வேண்டும். அதற்குள் நான் போய்விட்டால் சித்தப்பாவை நம்பாதே, நீயே வந்து உன் கையால் கட்டு. அப்பாவையும் பாட்டியையும் பிரித்து வை. பிரிய மாட்டோம் என்று உன் கனவிலும் வந்து சொன்னார்களானால், மூன்று பேருக்கு ஆகும் அகலத்தில் நெய்யச் சொல். என்னை நடுவில் வை.

முன்னோர் உங்கள் இருவரையும் காக்கட்டும். கம்பளிச் சட்டை போடு.

உன் அம்மா,
நோரோ