ஒலிபெருக்கியில் செத்தவர்கள்

ஜூன் 2

இன்றும் ஒன்றும் தேறவில்லை. பெலர்மீனோ தாத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத மனிதர். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட வாய்தான். ஆனால் பதிவுக் கருவியை மேஜையில் வைத்ததும், "கொஞ்சம் இரும்மா ஜுசாரா" என்று உள்ளே போனவர் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பிரசங்கம்! பாதிரியார்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசமாட்டார்.

சுத்தம் எனக்கு எதற்கு? எங்கள் போர்த்துகீசில் ஒரு பெண்ணைச் சுட்டிப் பேச மூன்று வழி உண்டு. பள்ளிக்கூட வழி: 'எவளுடன் நான் பேசினேனோ அந்தப் பெண்'. தெரு வழி: 'நான் பேசின பொண்ணு'. மூன்றாவது வழி: 'நான் அவகூட பேசின பொண்ணு'. அந்த 'அவகூட' யாரும் கூப்பிடாமலே வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். படித்தவர்கள் முகம் சுளிக்கும் இந்த மூன்றாவதைப் பிடிக்கத்தான் மினாஸ் மாநிலத்தின் இந்த மலையூருக்கு வந்து, வீட்டுக்கு வீடு சீஸ் உருண்டை தின்று பெருத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையே பிடிக்க, என் கூட ஆய்வு செய்யும் எவாந்த்ரோ கடல் தாண்டிப் போய்ப் போர்த்துகலின் வட மலைகளில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே கிழவிகள் கொட்டித் தள்ளுகிறார்களாம். இருபத்துநாலாம் தேதி யோவான் திருவிழாவுக்குள் என் ஊர் வாய் திறக்காவிட்டால் ஆய்வு மொத்தமும் அவன் கைக்குப் போய்விடும். நான் அக்கா வீட்டுக்காரரின் டயர் கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஜூன் 4

பேராசிரியர் எலோயிசா போனில் சிரித்தார். "மழையைப் பத்தி எதுக்குடி கேட்ட? சாவைப் பத்திக் கேளு. சாகப் பார்த்த கதையைச் சொல்றப்ப எவனுக்கும் இலக்கணம் ஞாபகம் இருக்காது."

எங்கள் மொழியாய்வுத் தொழிலின் பழைய தந்திரம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 5

தோன்றியிருக்க வேண்டும்! "எப்பவாச்சும் செத்துட்டோம்னு நினைச்சதுண்டா தாத்தா?" என்று கேட்டதுதான் தாமதம், பெலர்மீனோ கோட்டைக் கழற்றி எறிந்தார். "நான் அது கொம்பைப் பிடிச்ச மாடு இருக்கு பாரு, அது என்னைத் தூக்கி..." அது கொம்பை! நாற்காலி மேல் ஏறி மாடாகவும் நடித்துக் காட்டினார். ஆனந்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 7

பெலர்மீனோ இறந்துவிட்டார். தூக்கத்திலேயே.

இந்த ஊரில் சாவுச் செய்தி வால்தோமிரோவின் கார் வழியாகத்தான் வரும். கூரையில் ஒலிபெருக்கி, பின்னணியில் தேவாலய இசை. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பெயரைக் கேட்டேன். துக்க வீட்டில் காப்பி கொடுத்தார்கள். எல்லோரும் பதிவுக் கருவி இருந்த என் பையைப் பார்த்தார்கள்.

ஜூன் 11

நேற்று தோனா ஒலேகாரியா (வயதான அம்மாக்களை இங்கே 'தோனா' என்பார்கள்), தொண்டையில் மீன்முள் மாட்டிய கதையைச் சொன்னாள். இன்று கோழிக்கூண்டுப் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

தற்செயல். தொண்ணூறு வயதில் மனிதர்கள் சாவார்கள், எண்பதில் விழுவார்கள். இதையே எத்தனை முறை எழுதுவேன்?

ஜூன் 13

என்னைக் கண்டால் ஊர் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறது. மேயர் என்னைப் பார்த்ததும் மருந்துக்கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக ஓடினார். காரணம், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் நேற்று என்னிடம் வந்து, "மேயரை ஒரு பேட்டி எடுங்களேன், நல்ல அனுபவஸ்தர்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான்.

அவர் மட்டுமா? ரொட்டிக்கடைக்காரன் மாமியாரின் விலாசத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தான். கால்பந்து ரசிகர்கள் பக்கத்து ஊர்க் கோல்கீப்பரைச் சிபாரிசு செய்தார்கள். "சாக வேணாம்மா, ஞாயித்துக்கிழமை மேட்ச் வரைக்கும் படுத்தாப் போதும்" என்றான் ஒருவன், ரொம்ப நியாயமாக.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி தோனா ஒலிந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "அழாதடி, ஜனங்க அப்படித்தான்" என்று தலையைத் தடவினாள். ஆனால் அவள் கழுத்தில் புதிதாக ஒரு ஜெபமாலை தொங்குகிறது.

ஜூன் 15

எவாந்த்ரோ படம் அனுப்பியிருக்கிறான். சூப் கிண்ணம், சுற்றிலும் கிழவிகள், நடுவில் அவன் பல்.

ஜூன் 16

ஒலிந்தாவின் அண்ணன் அனாக்லேத்தோ தானாகவே வந்து, "எங்கடி அந்த மெஷினு?" என்று உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்? என்னைத்தான் ஏற்கெனவே அறிவிச்சாச்சே!"

போன வருஷம் பக்கத்து ஊரில் இன்னொரு அனாக்லேத்தோ செத்ததை, வால்தோமிரோ இவர் தலையில் கட்டிவிட்டானாம். இவர் சமையலறையில் காப்பி குடித்தபடி தன் சாவைக் கேட்டிருக்கிறார். வந்த பூக்களைத் திருப்பித் தரவில்லை. "காருல பேரு போயிடுச்சுன்னா கணக்கு முடிஞ்சுதும்மா. ஒருத்தனை ரெண்டு தடவை கூப்பிட மாட்டாங்க."

மூன்று மணி நேரம் பேசினார். ஆறு, பாம்பு, மின்னல், முதல் மனைவி.

ஜூன் 18

காலையில் கார் வந்தது. "தோனா பெர்பெத்துவா அவர்கள் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..." குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவளிடம் நான் கேட்கவே இல்லையே!

ஐந்து நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம். பெர்பெத்துவாவேதான். பூப்போட்ட உடை, கையில் சோளக் கேக். "காருல சொல்லச் சொல்லியாச்சு. இப்ப கேளு."

ஜூன் 20

இன்று மட்டும் நான்கு அறிவிப்பு. ஊரின் முதியவர்கள் வரிசையாகச் செத்து, ஒலிந்தாவின் முற்றத்தில் காத்திருக்கிறார்கள். செத்தபிறகு யாருக்கும் கோட்டு தேவைப்படவில்லை. "நான் அவன் வீட்டுச் சுவரேறிக் குதிச்ச ஆளு", "நாங்க அதுல முங்கிப்போன படகு" என்று மூன்றாவது வழி மழையாய்க் கொட்டுகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் சாகப் பார்த்தால் யார் குரல் எது என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

பாதிரியார் கோபமாக வந்தார். உயிரோடு இருப்பவர்களுக்குச் சாவு மணி அடிக்க முடியாதாம். வாசலில் நின்று கத்திவிட்டு, போகும்போது வால்தோமிரோவைத் தனியாகக் கூப்பிட்டார். நாளைக் காலை யார் பெயர் வரும் என்று ஊரே பந்தயம் கட்டுகிறது.

ஜூன் 21

பாதிரியார்தான். மாட்டு வண்டியும் பள்ளத்தாக்கும். அற்புதமான கதை.

ஜூன் 23

எலோயிசா போன் செய்தார். "பிரமாதம்டி. ஆய்வு உன்னோடதுதான். எவாந்த்ரோவை அங்க அனுப்புறேன், கத்துக்கட்டும். ஆனா ஒண்ணு, பேசினவங்க எல்லார் பேருக்கும் முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு போட்டிருக்கியே, ஏன்?"

பேருந்து நிலையச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் பேருந்து நிலையமே கிடையாது.

ஜூன் 24

யோவான் திருவிழா. நெருப்பைச் சுற்றிக் காலஞ்சென்றவர்கள் ஆடினார்கள். ஒலிந்தா கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாரையும் கேட்டியே, நீ எப்பவாச்சும் சாகப் பார்த்தியாடி?"

பார்த்திருக்கிறேன். ஏழு வயதில், ஆற்றில். வாயைத் திறந்தேன். பெலர்மீனோ நாற்காலி மேல் நின்றது ஞாபகம் வந்தது. முதுகலைப் பட்டம் வாங்கியவள், தற்செயல் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் — சொல்ல முடியவில்லை. பயம். சும்மா பயம்.

"அட கழுதை, நீயுமா?" என்று ஒலிந்தா என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் 25

பல் விளக்கும்போது தேவாலய இசை கேட்டது. வால்தோமிரோ வழக்கமாகப் பாதிரியார் பாஷையில்தான் வாசிப்பான். இன்று தாளைப் பார்க்காமல் பேசினான் போலிருக்கிறது.

"நாம அவகூட உக்காந்து சிரிச்ச பொண்ணு, ஜுசாரா, காலமாயிட்டா. எல்லாரும் ஒலிந்தா வீட்டுக்கு வாங்க."

வந்தார்கள். பூ, கேக், காப்பி. அனாக்லேத்தோ பதிவுக் கருவியை என் பக்கம் திருப்பி வைத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டார். சிவப்பு என்றேன்.

"பயப்படாம சொல்லும்மா."

"ஆத்துல வெள்ளம்," என்று ஆரம்பித்தேன். "நான் அவ முடியைப் பிடிச்சுக்கிட்ட பொம்பளை ஒருத்தி இருந்தா, அவ பேருகூட எனக்குத் தெரியாது..."