லாரிக்கு ஒரு கொடிமரம்

என் வீட்டு மகாராணிக்கு, பதினெட்டுச் சக்கர லாரியின் சக்கரவர்த்தி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

இந்தப் பாதையில் போன் எடுக்காது என்று லாரியில், தூரத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோ வைத்தேன் அல்லவா? அதற்கு ஆன்டெனா வாங்கினேன். கடையில் முழ நீளத்திலும் ஒன்று இருந்தது; என் கௌரவத்துக்கு நிலாவைக் குத்தும் நீளம்தானே பொருந்தும்! அதன் காந்த அடிப்பாகத்தை லாரிக் கூரையில் வைத்து நிறுத்தினேன். சறுக்கி விழுந்தது.

"ஃபைபர் கூரையில காந்தம் எப்படிண்ணே ஒட்டும்?" என்று மெக்கானிக் சிரித்ததில் பட்டறைத் தகரமே பறந்தது. கடைசியில் பக்கக் கண்ணாடியின் இரும்புக் கம்பியில் முடுக்கினோம்.

இப்போது ரேடியோவில் உலகத்தின் குரலெல்லாம் கேட்கிறது, தமிழ் மட்டும் கேட்கவில்லை. நேற்று யாரோ ஒரு பெரியவர் கிடைத்தார். உன் குறட்டையின் பெருமையை அரைமணி நேரம் தமிழிலேயே சொன்னேன். பாவம், ஒன்றும் புரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை உன் தம்பியை அவன் ரேடியோவைப் போடச் சொல். உரிமம் அவனுக்குத்தான், நீ பேசக்கூடாது. சும்மா பக்கத்தில் உட்கார். நான் அளக்கத் தொடங்கினால் தொண்டையைக் கனைப்பாயே, அப்படி ஒருமுறை கனை.

சரக்கு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். இங்கே எவ்வளவு அளந்தாலும் கனைக்க ஆளில்லை.