நித்யாவின் படமும் மற்ற நான்கு எதிரிகளும்

மாசி, ஞாயிறு. வெயில்.
குன்றத்தூர் மலை உருகி ஓடிவந்து என் வாசலில் தண்ணீர் கேட்டது. வாலாஜாபாத்தில் தங்கச்சி வீட்டில் மட்டன். நான்காவது துண்டுக்கு மேல் வாய் என் வசம் இல்லை.

தங்கச்சி மகள் நித்யா ஒலிப்பதிவு செய்த ஆவணப்படம், பழவேற்காட்டில் நண்டு பிடிக்கும் பெண்களைப் பற்றியது. அமெரிக்க விருதுக்குக் கடைசி ஐந்தில் நிற்கிறது. அதுதான் ஜெயிக்கும் என்று அறிவித்தேன். மற்ற நாலையும் பார்த்துவிட்டேன், குப்பை. நித்யா படத்துக்கு நடுவர்கள் அழுத அழுகையில் அந்த ஊரில் வெள்ள அபாயம்.
(ஒன்றுகூடப் பார்க்கவில்லை. நித்யா படத்தையும்.)

மாப்பிள்ளை எலும்பைத் தட்டில் வைத்தார். "அவ்ளோ நிச்சயமா சொல்றியே மச்சான். செயிச்சா அவ இஷ்டம், சினிமாலயே இருக்கட்டும். இல்லன்னா விழா முடிஞ்ச வியாழக்கிழமை உங்க கம்பெனி இண்டர்வியூக்கு நீயே இட்டுகினு போ."
கை கொடுத்துவிட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நித்யா ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

கம்பெனியில் அவள் பெயரைச் சொல்லி வைத்தவனும் நான்தான். அதுவும் இப்படி ஒரு விருந்தில் வாய் விட்டதால்.

திங்கள். பனி.
உலகத் திரைப்பட நடுவர் மன்றத்தின் ஒரகடம் கிளை இன்று முதல் கம்பெனி பஸ்ஸில் கூடுகிறது. உறுப்பினர்: நான், பக்கத்து சீட் இசக்கி. திருநெல்வேலிப் பையன், என் லைனில்தான் வேலை. ஐந்து படமும் நெட்டில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முக்கால் மணிக்குள். ஒரகடம் போய்ச் சேர ஒரு படம்.

பஸ்ஸில் போனைச் சத்தமாக வைத்தால் கொலை விழும், பாதிப் பேர் தூங்குவதே அங்கேதான். கார் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வருடக்கணக்காகப் பஞ்சு அடைத்த என் காதில் இயர்போன் நிற்காது. ஆகவே சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படிப்பது. தெரியாத வார்த்தைக்கு இசக்கி.

முதல் எதிரி: பனி ஊர் தபால்காரர். குப்பையாக இருக்கும் என்று நம்பினேன். நன்றாக இருக்கிறது.

செவ்வாய்.
இரண்டாம் எதிரி: பாலம் கட்டும் சகோதரிகள். இதுவும் நன்றாக இருக்கிறது. யாரைக் கேட்டு இப்படி எடுக்கிறார்கள்?
துணி சோப்பு, இருமல் மருந்து வாங்க மறந்தேன்.

புதன்.
மூன்றாவது: சிறையில் ரொட்டி சுடும் அம்மாக்கள். மண்ணூர் தாண்டும்போது ஒரு அம்மா ரொட்டியைப் பிய்த்து மகனுக்குக் கம்பி வழியாக நீட்டுகிறாள். என் கண்ணீரில் பஸ் மிதந்து டிரைவர் துடுப்புப் போட்டார்.
இசக்கி: "என்ன அண்ணாச்சி, அழுதியளோ?"
தூசி என்றேன். அவன் மூக்கும் சிவந்துதான் இருந்தது. ஜெயிக்கப்போவது இதுதான் என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளி.
நேற்று நான்காவது. சுமார். ஆண்டவனுக்கு நன்றி.
இன்று நம் படம். சேறு, கை, நண்டு, வாளி. பெண்கள் அதிகம் பேசவில்லை, கீழே எழுத்தும் அதிகம் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் நித்யாவுக்குப் போன். மகா காவியம், கடைசியில் வரும் இசையில் பஸ் கண்ணாடி நொறுங்கியது என்றேன்.
அவள் மெதுவாக, "அதுல மியூசிக்கே கெடையாது மாமா. சேத்துல நண்டு நடக்கற சத்தம் மட்டும்தான். அதை எடுக்க எட்டு நாள் படுத்துகினு இருந்தேன்."

அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப் படத்தை, அவள் பிடித்த சத்தத்தை, சத்தம் அணைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு நாள் பழக்கம், கை தானாக அணைத்துவிட்டது.
இசக்கிக்கும் தோன்றவில்லையா? தோன்றியதாம். "நீங்க பெரியவங்க, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஞாயிறு.
மாப்பிள்ளைக்குப் போன் செய்து பந்தயத்தை வாபஸ் வாங்கப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னது என்றேன்.
"நீ விளையாட்டுக்குச் சொன்ன. நான் சொல்லல மச்சான்."
தங்கச்சியிடம் கெஞ்சினேன். அவள் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

திங்கள். விழா.
அங்கே ராத்திரி, நமக்குக் காலை. முதல் ஷிப்ட். போன் கம்பெனி கேட்டில், செக்யூரிட்டி டப்பாவுக்குள்; உள்ளே அனுமதி இல்லை. உலகம் கை தட்டும் நேரத்தில் நான் கதவுத் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிரஸ் விழும் ஒவ்வொரு அடியும் யாரோ பெயர் வாசிப்பது போல.

ஷிப்ட் முடிந்து போனை வாங்கினேன். நித்யா: "கெடைக்கல மாமா. சாப்டியா?"
மாப்பிள்ளை: "வியாழன். மறக்காத."
ரொட்டி அம்மாக்களுக்குத்தான் கிடைத்ததாம். சந்தோஷப்படக்கூட முடியவில்லை. சாப்பிடவில்லை.

வியாழன். மூட்டம்.
முந்தின நாளே என் வீட்டில் வந்து தங்கிய நித்யா என் பக்கத்து சீட்டில். இஸ்திரி போட்ட சுடிதார், சர்டிபிகேட் பை. இசக்கி பின் சீட்டுக்குப் போய்விட்டான். நேற்றிரவு தயாரித்த மாபெரும் மன்னிப்புரையைத் தொடங்கினேன். உலக வரலாற்றில் எந்த மாமனும் இதுவரை என்பதுவரை போனேன்.
"மாமா, கொஞ்சம் பேசாம இரேன்."
பையிலிருந்து சின்ன ரெக்கார்டர். பதிவுப் பொத்தானை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

ஜன்னல் கொக்கி ஆடுவது. முன் சீட்டில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்து, மணம் பார்த்து, மூடுவது. இசக்கியின் குறட்டையில் நடுவே சின்னதாக ஒரு விசில். இத்தனை வருடம் இந்த பஸ்ஸில் போகிறேன், இதில் ஒன்றையும் கேட்டதில்லை. நித்யா கண்ணை மூடியிருந்தாள். ஒரகடம் வரை நான் வாய் திறக்கவில்லை.

கேட். செக்யூரிட்டி என் போனை வாங்கினார். அவள் போனை. ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உள்ள எடுத்துகினு போவக்கூடாதும்மா."
அவர் டோக்கன் கொடுத்தார். அதை என் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். ரெக்கார்டர் டப்பாவுக்குள் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.