குழாயடியில் நீங்கள்

பக்கத்து வீட்டில் யாரோ கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நீங்கள் இல்லையே என்று அழுகை. நான் நோயில் படுத்திருந்தபோது நீங்கள் முதன்முதலாக எனக்குக் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியும் இப்படித்தான் மணந்தது.

குத்தகை நிலத்தைவிட்டுப் பண்ணையார் நம்மை வெளியேற்றிய பிறகு, நீடாமங்கலம் பக்கமிருந்து கும்பகோணம் வந்து, வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டோம். நீங்கள் அரிசி மண்டிக்கு மூட்டை தூக்கப் போனீர்கள். வீடு என் பாடு. தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது, விறகு பொறுக்குவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது எல்லாம் நான்தான். என் இருமலை மட்டும் அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் குழாயடியில் இருமியபோது முந்தானையில் ரத்தம்.

காசநோய் என்றார் டாக்டரம்மா. "மருந்து ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. குடம் தூக்கவே கூடாது."

"அப்ப தண்ணிக்கு யாருங்க போறது?" என்றேன்.

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

பண்ணை ஆட்கள் அரிவாளோடு வந்தபோதும் வரப்பைவிட்டு நகராதவர் நீங்கள். மறுநாள் காலை குடத்தோடு போனவர், வெறுங்குடத்தோடு திரும்பினீர்கள். "என்னண்ணே, அக்கா கையில மருதாணி வச்சிருக்கா?" என்று ஒருத்தி கேட்க, குழாயடியே சிரித்தது. பாயில் படுத்திருந்த எனக்கும் கேட்டது. "விடுங்க, நானே போறேன்" என்று எழுந்தேன்.

கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். "நான் குடத்தத் தூக்குனா ஊரே பாக்குது. இத்தன வருஷம் நீ தூக்குன, நான்கூடப் பாக்கலையே" என்றீர்கள்.

மறுபடி போனீர்கள். இந்தத் தடவை குடம் நிரம்பித் தோளில் வந்தது, சட்டையெல்லாம் ஈரம். கேலி சில நாளில் ஓய்ந்தது. மருதாணி கேட்ட அந்தப் பெண்ணே உங்களுக்கு வரிசையில் இடம் போட்டு வைத்தாள். உங்களைக் காட்டித் தன் புருஷனிடம் சண்டை போட்டதாகவும் கேள்வி.

நான் தேறினேன். டாக்டரம்மா சரியென்று சொன்ன அன்று குடத்துக்குக் கை நீட்டினேன். நீங்கள் தரவில்லை. "எனக்குப் பழகிப்போச்சு. நீ வேணா வெளக்கி வை" என்றீர்கள். வீட்டுக்குள் குழாய் வரும்வரை தண்ணீர் உங்கள் தோளில்தான் வந்தது.

வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. போன வாரம் மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். நான் விடவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மகனிடம், "அடுப்புல சோறு கொதிக்குது, வடிச்சிடு" என்றேன்.

"சரிம்மா" என்று எழுந்து போனான். அவன் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.