ஐப்பசி மழை பார்க்காத மனை

அன்புள்ள உமாராணிக்கு,

நீ சுகம்தானே? அம்மாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? தோஹாவில் நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் இருவருக்கும் கோபம் வருகிறது. அதனால் எழுதி, ஊருக்கு வரும் மைதீன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

“எல்லாரும் கட்டுதாங்க, நாம மட்டும் மனையப் பாத்துக்கிட்டே இருக்கோம்” என்று நீ சொன்னது நியாயம்தான். ஆனால் மேலகரத்து மனையைப் பங்குனியில், காய்ந்து கிடந்தபோது பார்த்துத்தானே வாங்கினோம்? ஐப்பசி மழைக்கு அங்கே தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கூடாது. கொத்தனார் பாண்டியராஜ் கம்பி வாங்க முன்பணம் கேட்டால் கொடுக்காதே. ஆவணி முகூர்த்தம் போனால் போகட்டும்.

இங்கே நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் போன வாரம், மண்ணைச் சோதிக்காமல் எழுப்பிய தூணை நாங்களே உடைத்தோம். சில்லு தெறித்து என் இடது கையில் சின்னத் தையல். பயப்படாதே, எழுதுவது வலது கையால்தான்.

தையில் லீவுக்கு வந்து பால் காய்ச்சலாம் என்றிருந்தோம். இனி தையில் வந்து வானம் தோண்டுவோம். பால் காய்ச்சுவது அதற்கடுத்த லீவில்தான். அதில் மாற்றமில்லை.

மைதீன் அண்ணன் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. ஐப்பசியில் மழை வலுக்கும்போது யாரையாவது மனையை வீடியோ எடுக்கச் சொல். அடுப்படி வரப்போகிற மூலையில் நீ நில்; உன் காலை வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்வேன். முகமும் தெரியட்டும். பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம், மழைச் சத்தம் போதும்.

அண்ணனைக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. வீடியோவில் உடனே நகர்ந்துவிடாதே, கொஞ்ச நேரம் நில்.

உன்
நாறும்பூநாதன்