அப்பாவின் ஜானவாசக் கார்

யார் வண்டியாக இருந்தாலும் பக்கத்தில் நிற்கும்போது அதன் கண்ணாடியைத் துடைத்துவிடுகிற என் அப்பாவுக்கு,

கொச்சியிலிருந்து ஒருவர் வந்து, விலைக்கு வாங்க நம் காரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்ல அம்மாவைத்தான் அனுப்பியிருப்பேன். உங்களிடம் எதை நான் நேராகச் சொன்னேன்? கல்லூரியில் இடம் கிடைத்ததைக்கூட அம்மா வழியாகத்தான் சொன்னேன். இப்போது நடுவில் யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

நாம் வாடகைக்கு இருக்கிற கரமனை வீட்டைச் சொந்தக்காரர்கள் இடித்துக் கட்டப் போகிறார்கள். வீட்டோடு உங்கள் தகரக் கொட்டகையும் போகிறது. கழக்கூட்டத்தில் என் ஆபீஸ் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். லிஃப்ட் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. ஆனால் கீழே ஒரே ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம் தருகிறார்கள். அதில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு சாதாரண கார் நிற்கலாம், இல்லையென்றால் உங்கள் சிவப்பு வண்டி நிற்கலாம். வெளியே விட்டால் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஒன்று போதும். துணிக்கூரை பூஞ்சை பிடித்துவிடும், தகடு துருவேறிவிடும். இது உங்களுக்குத் தெரியாததா?

வந்தவர் நல்ல மனிதர். மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார். மீட்டரைக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மோளே, ஸ்போர்ட்ஸ் கார் அல்லே இது? ஓடவே இல்லியே! அச்சன் இத ஓட்டினதேயில்லியா?"

"ஓட்டினாங்க. மெதுவா."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? இங்கிலாந்துக்காரர்கள் வேகத்துக்காகவே செய்த வண்டி. விதுராவுக்கு மேலே எஸ்டேட்டில் நீங்கள் டிரைவராக இருந்தீர்கள். எஸ்டேட் மூடியபோது முதலாளி, சேர வேண்டிய பணத்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். நீங்கள் யோசிக்கக்கூட இல்லையாம். நான் அப்போது கைக்குழந்தை. மலையிறங்கி வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா கேட்டதை நம் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்: "மூணு பேரு இருக்க வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா? புள்ளைய எங்க வைக்க, டிக்கியிலயா?"

டிக்கியில் வைக்கவில்லை. அம்மாவின் மடியில் நான் அடங்கிய வரைக்கும் மூன்று பேரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். பிறகு நான் வளர்ந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, "நீங்க ரெண்டு பேரும் போங்க, எனக்கு அரிசி களையணும்" என்றாள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த வரைக்கும் அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அரிசி களைய அவ்வளவு நேரமா ஆகும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியதா?

அதற்குள் கோட்டை அக்கிரகாரத்துக்காரர்கள் உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து ஊர்வலமாக அழைத்து வருகிற ஜானவாசத்துக்கு அவர்களுக்குத் திறந்த கார் வேண்டும். திருவனந்தபுரத்தில் அப்படி வேறு எத்தனை கார் இருந்தது? சிங்கம் மாதிரி உறுமத் தெரிந்த வண்டி, நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தெருக்களில் ஊர்ந்தது. மற்ற ஊர்வலங்களில் மாப்பிள்ளையோடு பத்துப் பிள்ளைகள் ஏறிக்கொள்ளும். நம் வண்டியில் மாப்பிள்ளையும் நீங்களும் மட்டும்தான்.

இனி ஒரு செய்தி. ஆடிட்டர் வீட்டு மாமி, மகன் கல்யாணத்துக்கு உங்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? நிச்சயமானதும் நம் வீட்டுக்கு வந்து, "அவர்தான் இல்லையே, நாங்க வேற கார் ஏற்பாடு பண்ணிக்கறோம்டீ, சங்கடப்படாதே" என்றார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம் மாமி, நான் கொண்டு வரேன்" என்று வந்துவிட்டது.

நான்கு பேர் பார்த்தாலே துப்பட்டாவைத் திருகுகிற நான், தெருவே வேடிக்கை பார்க்க ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். முதல் கியர், கிளட்ச், பிரேக், மறுபடி கிளட்ச். "யாரு, கார்க்காரர் பொண்ணா? நன்னா ஓட்டறாளே!" என்று ஒரு குரல். "மாப்பிள்ளைக்கு வேர்க்கறது பாரு, நாளைக்கு என்ன ஆகப் போறதோ!" என்று இன்னொன்று. கோட்டு போட்ட மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "காலுக்குக் கீழே அடுப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கூடவே நடந்து வந்த அவருடைய சித்தப்பா சிரித்தார். "எனக்கும் இதே கார்தான். தெப்பமா நனைஞ்சேன். உங்கப்பாவைக் கேட்டா, 'எல்லா மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் சாமி'ன்னுட்டார்."

"மெதுவாப் போனா எஞ்சின் கொதிக்கும், மாமா. அதனால ஹீட்டரைப் போட்டு, சூட்டைக் கால் பக்கம் இறக்கிவிடணும்."

மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அடப்பாவி மனுஷா! அன்னிலேர்ந்து நான் பயந்தாங்கொள்ளின்னு என் ஆம்படையா சொல்லிண்டிருக்காளே! டீ ஜெயா, இங்க வா, இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு!"

உங்கள் தொழில் ரகசியத்தை உடைத்துவிட்டேன். கோபம் இல்லையே?

மாப்பிள்ளையை மண்டப வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால், கூட்டத்தின் ஓரமாக அம்மா. கிழக்கேகோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

"நீ எப்பிடி ஓட்டுதேன்னு பாக்க வந்தேன். உங்கப்பா அளவுக்கு இல்ல."

"ஏறும்மா, வீட்டுக்குப் போவோம்."

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவைப் பிடித்து, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். "கெணத்துக்குள்ள எறங்குத மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நேரா வீட்டுக்குப் போவாண்டாம், சங்குமுகம் வழியாப் போ" என்றாள்.

கடற்கரைச் சாலையில் காற்று அடித்தது. அம்மா தலைமுடியைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் வந்தது. கொச்சிக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அந்த ஒரே இடத்தில் இதுவே நிற்கட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"அம்மா, இத நாமளே வச்சுக்குவோமா? இப்ப நமக்கு இது சரியாத்தானே இருக்கு?"

அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் மக்ளே கஷ்டம். மூணு பேருக்கு எடமில்லன்னு அவரோட எத்தன சண்ட போட்டிருக்கேன். இப்ப எடம் சரியா இருக்கு. ஒவ்வொரு தடவ ஏறும்போதும் எனக்கு அதுதான் தெரியும். குடுத்துரு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஐஸ்கிரீம் விற்கிறவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கொள்ளாமல்லோ வண்டி!" என்று மெச்சினார். அம்மா அவரிடம், "எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

அதற்குப் பிறகும் சில நாள் யோசித்தேன். வைத்துக்கொள்ள எனக்குக் காரணங்கள் இருந்தன. அந்தத் தெருவில் நீங்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது இந்த வண்டியால்தான். அது போனால் உங்களை எதை வைத்துச் சொல்வார்கள்? ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் எனக்கானவை. நான் மடியில் அடங்காமல் போன நாளிலிருந்து அந்த இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தவள் முதல் தடவையாக ஒன்று கேட்கிறாள். எப்படி மறுப்பேன்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேச்சை மாற்றியிருப்பீர்கள், இல்லையா?

கொச்சிக்காரருக்கு நானே போன் செய்தேன். அம்மாவைப் பேசச் சொல்லவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். "லாரி அனுப்பட்டே, மோளே?" என்றார். வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். "அத்தன தூரமோ? தனியாவோ?" என்றார். தனியாகத்தான் என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். கூரையை மடக்கி வைத்துவிட்டுத்தான் போகப் போகிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். கொல்லம் தாண்டியதும் சாலை பார்த்து வேகம் கூட்டுவேன். ஆலப்புழை பைபாஸில் கடல் தெரியும்போது, வண்டியால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு ஓடட்டும்.

இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு நாள்கூடப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்ததில்லை, அப்பா. கொச்சி வரைக்கும் அதில் என் பையைக்கூட வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மகள்,
பகவதி