அழிக்காதீங்க மேடம்

மேடம்,

இன்று காலை ஸ்மார்ட் போர்டு அறையின் மேசை இழுப்பறையைத் திறந்தபோது உங்கள் மஞ்சள் துணி கையில் அகப்பட்டது. சாக்பீஸ் வாசனை இன்னும் போகவில்லை. நம் கல்லூரியில் சாக்பீஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

சேக்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே அந்தத் துணி உங்கள் கைப்பையில் இருக்கும். கணக்கு வகுப்பு முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. துணிக்கு அது அழியவில்லை என்று தெரிந்ததும், நான் காட்டிக்கொடுத்த அத்தனை பொத்தான்களில் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள்: எல்லாவற்றையும் அழிக்கிற பொத்தான். குரலும் எழுத்துமாகப் பதிவாகியிருந்த ஒரு மணி நேரப் பாடம் ஒரே தட்டில் போய்விடும்.

விரிவுரையாளர்களுக்கு இந்தக் கருவிகளைப் பழக்குவது என் வேலை. செமஸ்டர் முடிவதற்குள் எல்லோருடைய பாடங்களும் பதிவாகியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. என் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. எனக்கு எரிச்சல்.

"இன்னா மேடம், மறுபடியும் அழிச்சிட்டீங்களா?"

"அடுத்து வர்றவங்களுக்கு போர்டு சுத்தமா இருக்கணும்ல சார்" என்றீர்கள்.

அதன் பிறகு உங்கள் வகுப்பு முடியும் நேரத்தில் நான் கதவருகே வந்து நிற்க ஆரம்பித்தேன். உங்கள் விரல் அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் குரல் கொடுத்துத் தடுத்தேன். ஒருநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டீர்கள்: "எல்லாத்தையும் சேத்து வெச்சிட்டா, அப்புறம் நான் எதுக்கு சார்?" நான் சிரித்தேன். பசங்களுக்கு டவுட் வந்தால் போர்டா வந்து தீர்க்கப்போகிறது என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசினேன். மனதார நம்பித்தான் சொன்னேன், மேடம்.

செமஸ்டர் முடிந்தது. உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவருடைய பாடங்கள்தான் இருக்கின்றனவே என்று நிர்வாகத்தில் சொன்னார்களாம். கல்லூரி கொடுத்திருந்த டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தீர்கள். சார்ஜர் வயரை அழகாகச் சுற்றி நூலால் கட்டியிருந்தீர்கள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். துணியை மேசைமேல் வைத்து, இனி எனக்கு எதற்கு என்று மட்டும் சொன்னீர்கள்.

கொரட்டூரில் டியூஷன் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. போன வருடம் மாரடைப்பு என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கள்ளிக்குப்பத்தில் என் வீட்டிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மறுநாளும் இங்கே உங்கள் பாடம் ஓடியது. "புரிஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் இடத்தை மாணவர்கள் வேகமாகத் தள்ளிவிட்டார்கள். உங்கள் பாடங்கள் பெரும்பாலும் என் குரலோடுதான் முடியும்: "அழிக்காதீங்க மேடம்." அதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும்.

இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டது. வெளியே ஏதோ ஒரு நிறுவனத்திடம் தயார்ப் பாடங்களாக வாங்கிவிட்டார்கள். பழையவற்றை அழிக்கும் வேலை எனக்கு. இன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிப் பாடத்தை மட்டும் முழுக்கக் கேட்டேன். முடிவில் நீங்களே கேட்கிறீர்கள்:

"இப்பவாவது அழிக்கலாமா சார்?"

"வேணாம் மேடம், இருக்கட்டும்" என்கிறேன் நான்.

அதையும் அழித்தேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட வேண்டும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பிறகு உங்கள் துணியால் திரையைத் துடைத்தேன். துணி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. போர்டு சுத்தமாக இருக்கிறது, மேடம். அடுத்து வருவதற்குத்தான் யாரும் இல்லை.